கொல்லைச் சுவரில் தொங்கிய ஆள்

1

ரப்பர் தோட்டத்தில் அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை எழுதும் பேரேட்டுக்கு இங்கே செக்ரோல் என்று பெயர். அதை எழுதுகிறவன் கிராணி. மலாய் நாட்டில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் கிராணி. விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். நான் பெயர் கூப்பிடுவேன், அவர்கள் குரல் கொடுப்பார்கள், நான் எழுதுவேன். வெள்ளைக்காரத் துரை படிக்க வேண்டும் என்பதால் கறுப்பாயியையும் மாரிமுத்துவையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுத வேண்டும்.

பல வருஷமாக இப்படி எழுதியதில் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்து எங்கே தென்பட்டாலும் அதற்குள் ஒரு தமிழ்ப் பெயர் தெரியும். ஒரு தடவை துரையின் கடிதத்தில் ‘மெனி’ என்ற சொல்லை மணி என்று படித்துவிட்டு, அந்த மணி கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டில் இருக்கிறான் என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களில் ஒருவர் பெயர் அப்பாவு. நல்ல மனிதர், ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடாதவர். அதனால் தினமும் அவர் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. முதல் மூன்று எழுத்து எழுதியதும் என் பேனா நின்றுவிடுகிறது. காரணம் என் மகள் வள்ளி. சென்ற வருஷம் நாங்கள் லீவில் புதுக்கோட்டைக்குப் போயிருந்தபோது நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதாகக் கேள்வி. ஒருவர் எனக்குச் செய்வினை வைத்தார்கள் என்கிறாராம். இன்னொருவர் நான் மயங்கி விழுந்தேன் என்கிறாராம். விழவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

2

வள்ளி எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஈப்போ டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் ஒரு சீனப் பெண். அந்த அம்மாள் பாடம் நடத்துவதே கிடையாதோ என்று எனக்குச் சந்தேகம். வகுப்பில் எப்போதும் விளையாட்டுதான்.

நான் படித்த இங்கிலீஷ் வேறு. புதுக்கோட்டையில் மகாராஜா காலத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் என்றால் பெஞ்சு. ஸ்பெல்லிங் சரியாகச் சொன்னவன் பெஞ்சின் முதல் இடத்துக்கு நகர்வான். தப்பாகச் சொன்னவன் பெஞ்சின் மேல் ஏறுவான். ‘ரிசீவ்’ என்ற சொல்லில் ஈ முந்தியா ஐ முந்தியா என்ற குழப்பத்தில் நான் மேலே நின்று எண்ணிய ஓடுகளை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

வள்ளி வகுப்பிலிருந்து கொண்டுவந்த விளையாட்டில் ஒன்று எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் ஓர் இங்கிலீஷ் சொல்லைச் சொல்ல வேண்டும். அது எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிடுவோம். எனக்கு ஒரு தந்திரம் கிடைத்தது. ஆர் எழுத்தில் தொடங்கி ஆர் எழுத்திலேயே முடிகிற சொற்கள் இருக்கின்றன. ரப்பர், ரூலர், ரோலர், ரெஜிஸ்டர். எல்லாம் என் ஆபீசில் இருப்பவை. அவள் எப்படியாவது என்னிடம் ஆரைத் தள்ளினால், நான் அதை அப்படியே திருப்பி அவளிடம் தள்ளுவேன்.

“அப்பா, இது போங்கு!”

“எது போங்கு? ரப்பர்னு ஒரு சொல் இல்லையா? நாம சோறு திங்கிறதே அதுலதான்.”

மறுநாள் அவள் அகராதியைக் குடைந்துவிட்டு வந்தாள். பாக்ஸ், டாக்ஸ், ஃபாக்ஸ் என்று வரிசையாக எக்ஸில் முடித்தாள். என் கைவசம் இருந்தது எக்ஸ்-ரே ஒன்றுதான். ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்லலாம். அது தீர்ந்ததும் கையைத் தூக்கிவிட்டேன். அவள் மேசையைச் சுற்றி ஓடி ஆடினாள்.

வகுப்பில் வேறு விளையாட்டுகளும் உண்டு என்று சொல்வாள். நான் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது.

3

சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனாலும் எனக்குக் கவலை என்பது சோற்றுக்கு உப்பு மாதிரி. இல்லாவிட்டால் இறங்காது.

சுதந்திரம் வந்தபிறகு இந்த நாட்டில் எல்லோரும் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டார்கள். நானும் போனேன். மனுவில் எழுத்துக்கு ஒரு கட்டம். பிறந்த இடம் என்ற வரியில் புதுக்கோட்டை என்று இங்கிலீஷில் நிரப்பிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டம் குறைந்தது. கடைசி எழுத்தான ஐ மட்டும் வெளியே நின்றது. ஐ என்றால் இங்கிலீஷில் நான். ஊர் முழுக்கக் கட்டத்துக்குள் அடங்க, நான் மட்டும் வெளியே நின்றேன்.

அங்கே இருந்த மலாய்க்கார இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“இந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது?”

“இப்போது இந்தியாவில். திருச்சி ஜில்லா.”

“நீங்கள் பிறந்தபோது?”

“அப்போது தனி சமஸ்தானம். எங்களுக்கு ராஜா இருந்தார்.”

“அந்த சமஸ்தானம் இப்போது எங்கே?”

“இல்லை.”

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். இல்லாத நாட்டில் பிறந்தவனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மேலிடத்தில் கேட்டு எழுதுவதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.

அன்றைக்குத்தான் வள்ளியைப் பற்றி யோசித்தேன். எனக்காவது பிறந்த நாடு என்று ஒன்று இருந்து மறைந்தது. இவளுக்கு? தமிழை இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்துப் பேசுகிறாள். என்னிடம், “அப்பா, நீங்க எத்தனை வயசு பழசு?” என்று கேட்டாள். கிராணி வீடு தோட்டத்தில் தனியாக நிற்கும். லயத்துப் பிள்ளைகளோடு விளையாட நான் விடுவதில்லை. காட்டில் ஆயுதத்தோடு கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த காலம் அது. ஊரடங்கு, லாரிச் சோதனை, முள்கம்பி. பள்ளிக்கூட பஸ் வந்து இறக்கிவிட்டால் மறுநாள் பஸ் வரும்வரை அவளுக்கு நானும் அவள் அம்மாவும்தான்.

அதனால் தீர்மானித்தேன். ஊருக்குப் போகும்போது புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் என் அண்ணன் வீட்டில் வள்ளியை விட்டுவிட வேண்டும். அங்கேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும், தமிழ் வரட்டும்.

என் மனைவி மீனாட்சிக்கு இதில் இஷ்டமில்லை. “தமிழ் வேணும்னா வீட்டுல நாம பேசுனாப் போதாதா?” என்றாள்.

“நாம பேசுற தமிழ் நமக்கே போதலை.”

“அவகிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

பினாங்கில் கப்பல் ஏறியதும் சொல்லலாம் என்றிருந்தேன். ஏறியதும் எனக்கு வாந்தி. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் சொல்லலாம் என்றிருந்தேன். சுங்கத்தில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள், அதைப் பொறுக்குவதற்கே பொழுது போயிற்று. ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். இப்படியே சொல்லாமல் வந்து சேர்ந்துவிட்டோம்.

4

என் அண்ணன் சிதம்பரம் சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தன்னோடு வேலை பார்ப்பவர்களை ‘ஓய்’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணி மங்களம் பயந்த சுபாவம். பல்லி சத்தம் போட்டால் வேலையை நிறுத்திவிட்டு அது எந்தத் திசை என்று பார்ப்பார். அவர்கள் மகள் ராசாத்திக்கு வள்ளி வயதுதான்.

போன அன்றைக்கே வள்ளி தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள். “பெரியப்பா, நீங்க எத்தனை வயசு பழசு?”

அண்ணன் கோபப்படவில்லை. “இந்த வீட்டு நெலைக்கதவை விடக் கொஞ்சம் புதுசு, ஒங்க பெரியம்மாவை விடக் கொஞ்சம் பழசு” என்றார்.

“நெசமாலா?”

“அதென்னடி, எல்லாத்துக்கும் பின்னால ஒரு லா?” என்று அண்ணி திகைத்தார். “தம்பி, புள்ளைக்கு நாக்குல ஏதும் கோளாறா?”

“மலாய்க்காரங்க பேசுற பழக்கம் அண்ணி. இங்க இருந்தாச் சரியாப் போயிரும்” என்றேன். மீனாட்சி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்று நாளில் வள்ளியை வீட்டில் காண முடியவில்லை. தெருவில் பிள்ளைகள் ஏராளம். வாசல் கதவுக்குப் பூட்டுக் கிடையாது, முள்கம்பி கிடையாது. கூப்பிட்டால் எங்கேயோ நாலு வீடு தள்ளிக் குரல் வரும். இங்கிலீஷ் டீச்சரின் விளையாட்டையெல்லாம் தெருவுக்கு இறக்குமதி செய்துவிட்டாள். அங்கே பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஏபிசிடி தொடங்கியிருந்தது. ஒரு நாள் ராசாத்தி என்னிடம் ஓடிவந்து, “சித்தப்பா, கத்திரிக்காய்க்கு இங்கிலீசுல என்ன? சீக்கிரம் சொல்லுங்க, நான் தோக்கப் போறேன்” என்றாள். எனக்கு அந்த நேரத்தில் ரப்பர்தான் ஞாபகம் வந்தது.

5

ஒரு சனிக்கிழமை காலை நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டி வாருங்கள், சேர்த்துக்கொள்கிறேன் என்றார். திரும்பி வரும்போது அண்ணன், “சொல்லிட்டியா பாப்பாகிட்ட?” என்று கேட்டார். “இன்னைக்குச் சொல்லிர்றேன்” என்றேன்.

வீட்டு வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. “தம்பி, காலைக் கழுவிட்டு வாங்க. இல்ல, கழுவாம வாங்க. கொல்லைக்கு வாங்க மொதல்ல.”

கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்துச் சுவருக்குப் பொங்கலுக்கு அடித்த வெள்ளை. அதில் அடுப்புக் கரியால் பெரிதாக ஒரு படம். ஒரு தூக்குமரம். அதிலிருந்து கயிறு. கயிற்றில் ஓர் ஆள் தொங்குகிறான். வட்ட மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான். மீசை வைத்திருக்கிறான். தலையில் தோட்டத்துக் கிராணிகள் வெயிலுக்குப் போடுகிற தொப்பி. சட்டைப் பையில் பேனா. காலுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

_ A P P _

முதல் கோட்டை நான் பலகை என்று நினைத்தேன், தூக்கில் போடும்போது காலடியிலிருந்து தட்டிவிடுவார்களே, அந்தப் பலகை. மீதி எழுத்துகளைப் படிப்பதற்கு எனக்கு யாரும் தேவையில்லை. தினமும் அப்பாவு பெயரை எழுதுகிற கை. ஏ, பி, பி. அதற்கப்புறம் ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த எழுத்தும் ஏதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் நான் கிணற்றடியில் உட்கார்ந்தேன்.

“அங்கிட்டு உக்காராதீங்க தம்பி, அதோட நெழலு மேல விழுது” என்று அண்ணி என்னை இழுத்தார். ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் வேப்பிலை. “யாரோ வேலையக் காட்டிட்டாக. வெளிநாட்டுலேருந்து வந்திருக்காகன்னு கண்ணு.”

அண்ணன் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். “ஓய் கிராணியாரே, செய்வினை வைக்கிறவன் எவனாவது பையில பேனா போடுவானாய்யா? ஒன்னய நல்லாத் தெரிஞ்சவன் போட்டது இது.”

மீனாட்சி வந்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். “கண்ணாடி சரியா வந்திருக்கு. மீசைதான் கொஞ்சம் தாராளம்” என்றாள்.

நான் அவள் காதில் சொன்னேன். “அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எவளுக்கு? எது?”

“வள்ளிக்கு. விட்டுட்டுப் போகப் போறது. என்னையத் தூக்குல போட்டு, கீழ அப்பான்னு எழுதியிருக்கா பாரு. கடைசி எழுத்து எழுத மட்டும் மனசு வரலை.”

மீனாட்சிக்குச் சிரிப்புப் போய்விட்டது. “அவளையே கேளுங்க” என்றாள்.

கேட்க என்னால் முடியாது. என்னவென்று கேட்பது? பிள்ளைகள் எல்லாம் நாலாம் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணி அழிக்கப் போனார், நான் தடுத்தேன். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். சுவரில் இருந்தவன் என்னையே பார்த்தான். அவனுக்கு இருந்த தெம்பில் பாதி எனக்கு இல்லை.

6

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முன்னால் வள்ளி, பின்னால் ராசாத்தி, அதற்குப் பின்னால் தெரு.

“அப்பாடா, யாரும் அழிக்கலை!” என்றாள் வள்ளி.

அண்ணி பாய்ந்தார். “அடியே, இது ஒன் வேலையா? பெத்த அப்பனக் கயித்துல தொங்கவிட்டுட்டுப் போயி எவ வீட்டுலயோ சோறு தின்னுட்டு வர்றியே!”

“அப்பாவா? இது அப்பா இல்ல பெரியம்மா. சும்மா ஒரு ஆளு.”

பிறகு விவரம் சொன்னாள். இதுவும் வகுப்பில் விளையாடுகிற விளையாட்டுதான். ஒருவர் மனசில் ஓர் இங்கிலீஷ் சொல்லை நினைத்துக்கொண்டு எழுத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். மற்றவர்கள் ஓர் எழுத்தாகக் கேட்க வேண்டும். கேட்ட எழுத்து இருந்தால் கோட்டின் மேல் எழுதுவாள். இல்லாவிட்டால் தூக்குமரத்தில் ஆளுடைய தலை, அடுத்த தப்புக்கு உடம்பு, அடுத்து ஒரு கை. இப்படிக் கடைசிக் கால் வந்துவிட்டால் ஆள் செத்தான், ஆட்டம் முடிந்தது.

“ராசாத்தி கேட்டதெல்லாம் தப்பு. கை காலு எல்லாம் தீந்துபோச்சுலா. இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி. ஆளு செத்துட்டா அவ அழுவா. அதான் கண்ணாடி போட்டேன், மீசை போட்டேன், தொப்பி, பேனா...”

“அதெல்லாம் எதுக்குடி?” என்றாள் மீனாட்சி.

“உசிரோட வச்சிருக்கணும்ல? எனக்குத் தெரிஞ்ச ஆம்பளைகிட்ட என்னென்ன இருக்கோ அதெல்லாம் போட்டேன்.”

ஆனாலும் ஏ, பி, பி அங்கேதான் இருந்தன. உயிரோடு வைத்திருந்தாலும் அது அப்பாதான் என்று என் மனம் விடவில்லை.

“அப்பா, நீங்க கேளுங்க. நீங்கதான ஆபீஸ்ல இங்கிலீஷ் எழுதுறீங்க.”

“ஏ” என்றேன்.

“ஏ ஒண்ணுதான். அது போட்டாச்சு. தப்பு!” ஆளின் கையில் ஒரு குடை வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள்.

கடைசி எழுத்து ஏ இல்லை. அப்படியானால் அப்பா இல்லை. தலைக்குள் ஏதோ கலங்கியது. வாய்க்குப் பழக்கமானது வந்தது. “ஆர்.”

“தப்பு!” ஆளுக்குச் செருப்பு வந்தது.

உள்ளே சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்த அண்ணன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். “ஏய், என்ன கூத்து அங்கிட்டு?”

“ஏ போட்டாச்சு பெரியப்பா! வேற சொல்லுங்க!”

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் திரும்பினார். “ஓய், என்னய்யா சொல்லுது ஒம் மக?”

“ஒய்! ஒய் இருக்கு!” வள்ளி குதித்துக்கொண்டு போய்க் கடைசிக் கோட்டின் மேல் அந்த எழுத்தை எழுதினாள். “பெரியப்பா கெட்டிக்காரர்!”

“பின்ன?” என்றார் அண்ணன். இன்றுவரை தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்றேன். பெஞ்சு மேல் ஏறியவனாக இருந்தாலும் இந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். முதல் கோட்டைக் காட்டி “ஹெச்” என்றேன்.

“எச்சா?” என்று அண்ணி முகத்தைச் சுளித்தார். “எச்சியத் தொட்டா எழுதுவீக செவுத்துல?”

வள்ளி ஹெச்சை எழுதினாள். கயிற்றைக் கையால் அழித்தாள். ஆள் குடையும் செருப்புமாகத் தரையில் நின்றான். “ஹேப்பி” என்று தெருவே சேர்ந்து படித்தது.

“ஹேப்பின்னா சந்தோசம்” என்று அண்ணிக்கு விளக்கினாள் ராசாத்தி. பிறகு என் பக்கம் திரும்பி, “நான்தான் சித்தப்பா கேட்டேன். இங்கிட்டே எங்க கூடவே இருந்துரப் போற, ஒனக்கு எப்புடிடி இருக்குன்னு கேட்டேன். இங்கிலீசுல சொல்றேன், நீயே கண்டுபிடின்னா.”

“ஒனக்கு யாரு சொன்னது?” என்றேன்.

“அம்மாதான். பத்து நாளா எல்லார்கிட்டயும் சொல்லுதே.”

அண்ணி மஞ்சள் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றினார்.

நான் வள்ளியைப் பார்த்தேன். கையெல்லாம் கரி, மூக்கிலும் கரி. “நெசமாவா? இங்க இருக்க ஒனக்குச் சம்மதமா?”

“ஆமாப்பா. இங்க கூப்பிட்டா யாராவது வர்றாங்க.”

7

நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. பிள்ளை அழவில்லை. என்னை வெறுக்கவில்லை. நான் சொல்லத் தயங்கியதை அவளே ஒப்புக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

அழுவாள் என்றுதான் நான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று கப்பலிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். சந்தோஷமாக இருப்பவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

திங்கட்கிழமை வள்ளியைக் கூட்டிக்கொண்டு நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியை அவளிடம் நாலு கேள்வி கேட்டார். அவள் நாலுக்கும் லா போட்டுப் பதில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, “டி.சி. இருக்குங்களா?” என்று கேட்டார்.

இருந்தது. என் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டினேன். நீட்டும்போதே ஒரு குறை என் கண்ணில் பட்டது. படவில்லை, நான் தேடினேன்.

“இதுல மேலொப்பம் இல்லைங்க” என்றேன்.

“என்ன மேலொப்பம்?”

“வெளிநாட்டுச் சர்ட்டிபிகேட் இல்லைங்களா? அந்த ஊர்க் கல்வி அதிகாரி ஒருத்தர் கையெழுத்தும் முத்திரையும் வைக்கணும்.”

“அதனால என்னங்க, சேத்துக்கிறேன். நீங்க ஊருக்குப் போயி வாங்கித் தபால்ல அனுப்புங்க.”

“அது சரியா இருக்காதுங்க. சட்டப்படி செய்யணும்.”

அந்த அம்மாள் என்னை அதிசயமாகப் பார்த்தார். சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித்தான் அவரிடம் எல்லோரும் வருவார்கள்போல. அண்ணன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். “யோவ், அந்தம்மாவே சேத்துக்கிறேங்குது, ஒனக்கு என்னய்யா?”

“நாளைக்கு யாராவது கேட்டா பிள்ளையோட படிப்புல்ல பாதிக்கும்?” என்றேன். என் வாழ்நாளில் எந்த ஆபீசரும் என்னிடம் இத்தனை உறுதியாகச் சட்டம் பேசியதில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம், முறைப்படி எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டில் மீனாட்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. “மேலொப்பமா? சரிதான்” என்று சொல்லிவிட்டு வள்ளியின் துணிகளை மறுபடி பெட்டியில் அடுக்கினாள்.

கப்பலில் வள்ளி என்னோடு பேசவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். “அம்மா, அப்பாகிட்டச் சொல்லுங்க, சாப்பாட்டு மணி அடிச்சிருச்சு. அங்கிட்டுப் போனா அடுப்படி, இங்கிட்டுப் போகச் சொல்லுங்க.” லா போயிருந்தது. அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் வந்திருந்தது. ஒரு மாதத்தில், ஒரு தெருவில், செலவில்லாமல், நான் கேட்ட தமிழ் வந்துவிட்டது. சொன்னபடி நான் இங்கிட்டே போனேன்.

8

இங்கே வந்து பழைய வேலைதான். விடியற்காலம் பெயர் கூப்பிடுகிறேன், செக்ரோல் எழுதுகிறேன். வள்ளி பினாங்கில் இறங்கியதுமே பேச ஆரம்பித்துவிட்டாள், அவளுக்குக் கோபம் நிற்காது. ஆனால் மாதம் தவறாமல் கேட்பாள்.

“அப்பா, மேலொப்பம் வந்துச்சா?”

“எழுதிப் போட்டிருக்கேன்மா.”

எழுதிப் போட்டிருக்கிறேன் என்பது ஆபீஸ் பாஷை. எதையும் எழுதவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. என் பிரஜா உரிமை மனுவுக்கும் அவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். இந்த வருஷம் அப்படியே ஓட்டிவிடலாம், அடுத்த வருஷம் அவள் மறந்துவிடுவாள் என்றிருந்தேன். மறுபடி சாயங்கால விளையாட்டு தொடங்கியிருந்தது. நான் ஆரை விட்டுவிட்டேன். அவள் ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே எக்ஸில் மாட்டிக்கொண்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை. காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தேன். வள்ளி என் தட்டுக்குப் பக்கத்தில் அந்த டி.சி.யை வைத்தாள். பின்பக்கம் புரட்டிக் காட்டினாள். கையெழுத்து, பதவி, தேதி, நீல மையில் வட்ட முத்திரை.

“யாரு வாங்குனது?”

“நான்தான். ஒங்களுக்கு லீவு கெடைக்காதுன்னு இங்கிலீஷ் மிஸ்கிட்டச் சொன்னேன். மிஸ் கூட்டிட்டுப் போனாங்க. ரொம்ப நேரமாகும்னு பயந்தேன்பா. அந்த ஆபீசர் ஒடனே போட்டுட்டாரு.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன், பிறந்த தேதியைப் பார்த்தேன், முத்திரை கையெழுத்தின் மேல் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கிராணி பார்க்கக்கூடிய அத்தனையும் பார்த்துவிட்டேன். ஒரு புள்ளி குறையில்லை.

“ராசாத்திக்கு எழுதிட்டேன், ஜூன்ல வாரேன்னு. கப்பல் எப்பப்பா?”

மீனாட்சி அடுப்படி வாசலில் நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு உதவி செய்ய அவளிடம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

“எனக்கு ஒரு வீக் டைம் குடு, வள்ளி” என்றேன். “யோசிச்சுச் சொல்றேன்.”

அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். “எந்த வீக்குப்பா? நடுவுல ரெண்டு ஈ வர்ற வீக்கா, ஈக்குப் பின்னால ஏ வர்ற வீக்கா?”

ரெண்டு ஈ போட்டால் வாரம். ஈயும் ஏயும் போட்டால், நெஞ்சில் தெம்பில்லாதவனுக்குச் சொல்வது.

கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கப்பல் டிக்கெட் ஆபீசுக்குப் புறப்பட்டேன்.